திரையின் துடிப்பு
(நமது சங்கத்தின் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையிலே சமயமும் தமிழும் பேசப்பெறுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கணினித் திரையும், அதற்குப் படம் வரைந்து அனுப்புகின்ற கிராபிக்ஸ் அட்டையும் ஆகும். இதற்கு இம்மேடை ஏற்றதா என்று பெரியோர் சிலர் புருவத்தை நெரிப்பது தெரிகின்றது. காரணத்தை முதலிலே சொல்லிவிடுகின்றோம். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே ஒரு வழக்கு நடைபெறுகின்றது. "படம் திக்கித் திக்கி ஓடுகின்றது, புதிய அட்டை வேண்டும்" என்பான் மகன். "போன வருஷந்தானே திரை வாங்கினோம், அதற்குள் இன்னொன்றா?" என்பார் தகப்பனார். இருவரும் தத்தம் கட்சியை நன்றாகவே வாதிப்பர். ஆனால் அந்தத் திரை இப்பொழுது எந்த வீதத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றது என்று ஒருவராவது திறந்து பார்ப்பதில்லை. செக்கனுக்கு 144 முறை புதுப்பிக்கவல்ல திரையைக் காசு கொடுத்து வாங்கி, ஆண்டு இரண்டு கழிந்தும் 60இலே ஓட்டுகின்ற வீடுகள் உள. திரையைச் செருகியவுடன் விண்டோஸ் பல சமயங்களில் அதனை 60இலேயே வைத்துவிடும். கடைக்காரர் சொல்வதில்லை, பெட்டியின் மேலே பெரிதாக அச்சிட்டவரும் சொல்வதில்லை. இஃது உழைத்த பணத்தைப் பற்றிய பேச்சாதலின் பெரியோரும் பொறுமையுடன் கேட்பாராக.

முதலிலே ஒரு பழைய செய்தி. எரிகின்ற கொள்ளிக்கட்டை ஒன்றை இருளிலே வேகமாகச் சுழற்றினால் நெருப்பு வட்டமொன்று தோன்றும். அங்கே வட்டம் இல்லை. ஒரு புள்ளி நெருப்பே உண்டு. இதனைக் கொள்ளிவட்டம் என்பர். வடமொழியில் அலாத சக்கரம். மாண்டூக்கிய உபநிடதத்தின்மேற் கௌடபாதர் செய்த காரிகையின் நான்காம் பிரகரணத்துக்கு அலாத சாந்தி என்றே பெயர். அவர் இவ்வுவமையைக் கொண்டு நிறுவிய கொள்கை சைவ சித்தாந்திகளாகிய நமக்கு உடன்பாடன்று. அவ்வழக்கைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம். உவமை மாத்திரமே நமக்கு இன்று வேண்டியது. ஏனெனின், சினிமா, தொலைக்காட்சி, கணினித் திரை, கைத்தொலைபேசி ஆகிய அனைத்தும் கொள்ளிவட்டத்தின் பிள்ளைகளே. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, அசைவு என்று நம்மை நம்பச் செய்வதே இவற்றின் தொழில்.

பேசும் படம் வந்த 1920களின் இறுதியிற் செக்கனுக்கு 24 படங்கள் என்ற அளவு நிலைபெற்றது. ஆயின், 24 முறை மட்டும் ஒளி வந்து மறைந்தாற் கண் அதனைத் துடிப்பாக உணர்ந்து வருந்தும். ஆதலின், படங்காட்டும் இயந்திரத்தின் மூடி ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறையோ மூன்று முறையோ மறைத்துத் திறந்தது. புதிய படங்கள் 24 தான். திரையில் ஒளி பட்டதோ 48 அல்லது 72 முறை. புதிய படம் எத்தனை என்பது ஒன்று. திரை எத்தனை முறை காட்டுகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேதான் மேற்சொன்ன தந்தை மகன் வழக்கே எழுகின்றது.

மீடிறனை அளக்கும் அலகுக்கு ஹேர்ட்ஸ் என்று பெயர். மின்காந்த அலைகள் உண்டென்பதைப் பரிசோதனையாற் காட்டிய ஜேர்மானிய விஞ்ஞானியின் பெயர் அது. நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 60. தொலைக்காட்சியும் அவ்வந்நாட்டு மின்சாரத்தை ஒட்டி 50 என்றும் 60 என்றும் பிரிந்தது. 1979இல் இலங்கைக்கு வந்த தொலைக்காட்சி 50ஐயே பின்பற்றியது. கணினியோ அமெரிக்க வளர்ப்பு. 1987இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட வீ.ஜி.ஏ. முறையில் 640க்கு 480 என்ற அளவிலான படம் 60 ஹேர்ட்ஸில் ஓடியது. அந்த 60 இன்றும் நமது மேசைகளில் வீற்றிருக்கின்றது.

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளை நினைவுகூரும் பெரியோர் இங்கே இருப்பார்கள். அவற்றில் மின்னணுக் கற்றையொன்று மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடிப் படத்தைத் தீட்டும். தீட்டிய இடம் உடனே மங்கத் தொடங்கும். ஆகவே 60இல் ஓட்டினாற் பலருக்குத் தலையிடி வந்தது. 75, 85 என்று உயர்த்தினால் நிம்மதி. "ஹேர்ட்ஸ் கூடினாற் கண்ணுக்கு நல்லது" என்ற பேச்சு பிறந்தது அக்காலத்திலேதான். அன்று அது மெய்யே. இன்றைய தட்டைத் திரைகள் அத்தகையன அல்ல. அடுத்த படம் வரும்வரை முன்னைய படத்தை மங்காமற் பிடித்து வைத்திருப்பன அவை. எனவே 60இல் ஓடினும் பழைய திரைபோலத் துடிப்பதில்லை. சில திரைகளில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பின்னேயுள்ள விளக்கை வேகமாக ஏற்றியணைத்துக் குறைப்பார்கள்; அதனாற் சிலருக்குக் கண் உளைவு உண்டாகலாம். அது விளக்கின் குற்றமேயன்றிப் புதுப்பிப்பு வீதத்தின் குற்றமன்று. பழைய குழல் விளக்கின் கீழே மின்விசிறி சில வேளைகளிற் பின்புறமாகச் சுழல்வதுபோலத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிப்பதால் நேர்வது அது. விளக்குச் செய்யும் குறும்பை விசிறியின்மேல் ஏற்றலாகாது.

அவ்வாறாயின் உயர்ந்த வீதத்தாற் பயன் யாது? அசைவு தெளிவாகின்றது, கை செய்தது கண்ணுக்கு விரைவிலே தெரிகின்றது. 60 ஹேர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிசெக்கன். 144இல் 6.9. 240இல் 4.2. இக்கணக்கைச் சற்றே உற்று நோக்குக. 60இலிருந்து 144க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனாற் கிடைப்பது 3கூட இல்லை. முதற்படி ஏறுவது எவர்க்கும் தெரியும். மவுஸை அசைத்துப் பார்த்த மாத்திரத்தே தெரியும். இரண்டாம் படிக்குக் கொடுக்கும் விலை போட்டி விளையாட்டிலே ஈடுபடுவோர்க்கன்றி மற்றையோர்க்கு வீண் என்பது நமது கருத்து. "கண்ணுக்கு 24க்கு மேலே தெரியாது" என்று கூறுவோரும் உளர். அது பிழை. 24 என்பது அசைவாகத் தோன்றுதற்குப் போதிய அளவேயன்றிக் கண்ணின் எல்லையன்று.

இனி அட்டைக்கு வருவோம். நம் கோயில்களிலே கந்தபுராணப் படிப்பு நடைபெறுவதைக் கண்டிருப்பீர்கள். அதிலே ஏட்டைப் படிப்பவர்தாம் திரை என்று கொள்வோம். அவர் ஏட்டின் தலையிலிருந்து அடிவரை செக்கனுக்கு 60 முறை படிப்பவர். ஒரு கணமும் தாமதியார். அவர்முன்னே ஏடு எழுதி வைப்பவர் கிராபிக்ஸ் அட்டை. இவர் எழுதும் வேகம் நிலையானதன்று. வெறுவெளியான காட்சியெனின் விரைவாக எழுதுவார். காடும் மழையும் நூறு வீரருமாயின் கை தளரும். படிப்பவர் ஏட்டின் நடுவே நிற்கும்போது எழுதுபவர் புதிய ஏட்டை மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? மேற்பாதி பழைய ஏடு, கீழ்ப்பாதி புதிய ஏடு. திரையிலே படம் குறுக்கே கிழிந்தாற்போலத் தோன்றுவது இதனாலேயாம். இளைஞர் இதனை ரியறிங் என்பர்.

இதற்கு முதற்கண் வந்த மருந்து வீ-சிங்க் என்னும் அமைப்பு. படிப்பவர் அடிவரியை முடித்துத் தலைவரிக்குத் திரும்பும் கணத்திலன்றி ஏட்டை மாற்றலாகாது என்ற கட்டளை அது. கிழிவு நீங்கும். ஆனால் வேறொரு தொல்லை வரும். எழுதுபவர்க்கு ஓர் ஏட்டுக்கு 17 மில்லிசெக்கன் தேவையாயிற்று என்க. அவகாசமோ 16.7. மயிரிழையிலே தவறிவிட்டார், அடுத்த திரும்புதல்வரை காத்திருக்க வேண்டும், படிப்பவரோ பழைய ஏட்டையே மறுபடி படிப்பார். எழுதி முடித்த ஏடு ஒன்று கையிலிருக்க மற்றோர் ஏட்டைத் தொடங்க இடமில்லாவிட்டால், 60 ஆக இருந்த வேகம் ஒரேயடியாக 30க்கு விழும். மகன் "திக்குகின்றது" என்று முறையிடுவது பலமுறை இதுவே. அட்டை நோயுற்றதன்று, மயிரிழையிலே பஸ்ஸைத் தவறவிட்டது, அவ்வளவே. நிழலின் தரத்தை ஒரு படி குறைத்தால் 17 என்பது 15 ஆகும், திக்கலும் போகும். புதிய அட்டை வேண்டியதில்லை.

இரண்டாவது மருந்து இன்னும் நல்லது. எழுதுபவர் ஏட்டை வைக்கும்வரை படிப்பவர் காத்திருப்பதே அது. என்விடியா நிறுவனத்தார் 2013இல் ஜீ-சிங்க் என்ற பெயரில் இதனை அறிமுகஞ் செய்தனர். அத்திரைகளுக்குத் தனிப்பட்ட சுற்றுப்பலகை வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 2014இல் வெசா என்னும் நியமக் குழுவினர் இதே கருத்தை டிஸ்ப்ளேபோட் இணைப்பின் பொது விதியாக்கினர், ஏ.எம்.டி. நிறுவனத்தார் அதனை ஃப்ரீசிங்க் என்று வழங்கினர். 2019 தொடக்கத்தில் என்விடியாவும் தன் அட்டைகளை அப்பொதுவிதித் திரைகளோடு பொருந்தவிட்டது. இன்று மலிவான திரைகளிலும் இவ்வசதி உண்டு. ஆனால் பலவற்றில் இது அணைக்கப்பட்டே வருகின்றது. திரையின் சொந்தப் பட்டியலிலும் ஒருமுறை, கணினியிலும் ஒருமுறை என இரண்டிடத்தில் ஏற்ற வேண்டும். இன்னொன்று: இது ஓர் எல்லைக்குள்ளேயே வேலை செய்யும், 48இலிருந்து 144வரை என்பது சாதாரணமாகக் காணும் எல்லை. அட்டை 144ஐத் தாண்டி எழுதத் தொடங்கினாற் பழைய கிழிவு திரும்பவும் வரும். ஆதலாற் படவேகத்துக்கு 140 அளவில் ஒரு மேல்வரம்பு இட்டுவிடுவது புத்தி. அட்டைக்குச் சூடு குறையும், விசிறியின் இரைச்சல் குறையும், மின்சாரப் பட்டியலும் சற்றே குறையும். தாய்மாருக்கு இக்கடைசிச் செய்தி பிடிக்கும் என்று நம்புகின்றோம்.

கேபிள் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். குற்றம் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1920க்கு 1080 அளவுடைய திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிற்று நிறத்தகவல். செக்கனுக்கு 60 முறையெனின் ஏறத்தாழ 300 கோடிப் பிற்று கேபிள் வழியே ஓடவேண்டும். 144 முறையெனின் 717 கோடி. நான்கு மடங்கு புள்ளிகளுடைய 4கே திரையை 60இல் ஓட்டினால் 1,194 கோடி. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்புச் சுமக்கக்கூடியது ஏறக்குறைய 816 கோடி மாத்திரம். ஆகவேதான் பெரிய 4கே தொலைக்காட்சியைப் பழைய கணினியிற் பூட்டியவர் 30 ஹேர்ட்ஸிலே நின்று, மவுஸ் சேற்றிலே நடப்பதுபோல இழுபடுகின்றதே என்று வருந்துவர். 2013இல் வந்த 2.0 என்னும் பதிப்பு 4கேயை 60இல் ஓட்டும். 2017இல் வந்த 2.1 அதனை 120இல் ஓட்டும். 144 என்று விற்கப்பெறும் திரைகள் சிலவும் தம் பழைய எச்.டி.எம்.ஐ. துவாரத்தின் வழியே 120 அல்லது அதற்கும் குறைவாகவே ஏற்கும்; டிஸ்ப்ளேபோட் துவாரத்திற் செருகினாற்றான் முழு வீதம் கிடைக்கும். திரையோடு வரும் சிறு புத்தகத்தில் இது எழுதியிருக்கும். அதைத்தான் நாம் முதலிற் குப்பையிலே போட்டுவிடுகின்றோமே!

இதனினும் பெருந்தவறு ஒன்றுண்டு. கணினிப் பெட்டியின் பின்புறத்திலே திரைக்குரிய துவாரங்கள் இரண்டிடத்தில் இருக்கும். ஒன்று தாய்ப்பலகையினுடையது, மற்றையது, கீழே கிடையாக அமைந்தது, கிராபிக்ஸ் அட்டையினுடையது. பெருவிலை கொடுத்து அட்டையை வாங்கிப் பூட்டிவிட்டுக் கேபிளைத் தாய்ப்பலகையிலே செருகியிருப்பார்கள். பால்மாட்டை வாங்கிக் கொட்டிலிலே கட்டிவிட்டுக் கடையிலே பால் வாங்கிக் குடிப்பது போன்றது இது. வீட்டுக்குப் போனவுடன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

விளையாட்டுகளின் உள்ளே இருக்கும் அமைப்புகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் பாரமானது படத்தின் அளவு. 1080 வரித் திரையினின்று 1440 வரித் திரைக்குப் போனாற் புள்ளிகள் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேலாகும்; 4கே எனின் நான்கு மடங்கு. அடுத்துப் பாரமானவை ஒளிக்கதிரைத் தொடர்ந்து கணிக்கும் முறை, நிழல், பிரதிபலிப்பு ஆகியவை. இவற்றை நடுத்தரத்தில் வைத்தாற் கண்ணுக்கு நட்டம் சொற்பம். வேகத்துக்கு இலாபம் மிகுதி. பரப்புகளின் நுணுக்கத்தைக் குறிக்கும் ரெக்ஸ்சர் என்பதோ அட்டையின் நினைவகத்தைப் பொறுத்தது. நினைவகம் போதுமாயின் உயர்வாக வைக்கலாம், வேகம் பெரிதும் குறையாது. போதாதாயின் திடீர்திடீரெனத் திக்கும். சாய்வான தரை தூரத்திலே கலங்காமற் காட்டும் அனிசோற்றொப்பிக் என்பதனை 16இலேயே வைத்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம். எல்லாவற்றையும் 'அல்ட்ரா'வில் வைத்துவிட்டு அட்டையை வைவது நியாயமன்று.

விளையாடாதவர்க்கு இதிற் பங்கில்லையா எனின், உண்டு. நாம் பார்க்கும் தமிழ்ப் படங்கள் செக்கனுக்கு 24 படங்களாக எடுக்கப்பெற்றவை. 60ஐ 24ஆல் வகுத்தால் மீதியின்றி வராது. ஆகவே ஒரு படம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறிமாறிக் காட்டப்பெறும். கமெரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் ஒரு சிறு நடுக்கம் தெரிவது அதனாலேயே. 120 ஹேர்ட்ஸெனின் ஒவ்வொன்றும் ஐந்து முறை, 144எனின் ஆறு முறை, சீராக ஓடும். படம் பார்ப்பதற்கென்று ஒருவர் புதிய திரை வாங்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. வாங்கியிருக்கும் திரை அதற்கும் உதவும் என்கின்றோம்.

மடிக்கணினி வைத்திருப்போர்க்கு நிலை சற்றே வேறு. 120, 144 என்பன மின்கலத்தை விரைவிலே தின்னும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திரார். மின்கலத்தில் ஓடும்போது 60. செருகியில் இருக்கும்போது முழுவீதம் என்று பழகிக்கொள்வது நலம்.

அவ்வாண்டிலேயே நமது ரூபாவின் மதிப்பு டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 அளவுக்குச் சரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அட்டையின் விலை நம்மவர்க்கு என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னரே, 2020 முதலாக, எதேரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்காக அட்டைகளை அடுக்கடுக்காக வாங்கி இரவுபகலாக ஓட்டியோர் உலகமெங்கும் விலையை ஏற்றிவிட்டிருந்தனர். 2022 செப்ரெம்பரில் அந்நாணயத்தின் முறை மாறவே, அவ்வட்டைகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. அத்தகைய அட்டையெல்லாம் கெட்டது என்பது அநியாயமான கூற்று. ஆயினும் விசிறி தேய்ந்தும் வெப்பப்பசை காய்ந்தும் இருத்தல் கூடும். பழைய அட்டை வாங்குவோர், விற்பவர் முன்னிலையில் அரைமணி நேரமாவது கனமான விளையாட்டொன்றை ஓட்டி, சூட்டையும் இரைச்சலையும் பார்த்தபின்னரே பணத்தைக் கொடுக்க. திரையும் அட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். செக்கனுக்கு 50 படம் எழுதும் அட்டைக்கு 240 திரை அலங்காரமே. 200 படம் எழுதும் அட்டையை 60 திரையிலே கட்டினாலும் வீண்.

கண்ணைப் பற்றிப் பெரியோர் கேட்பது நியாயம். உயர்ந்த வீதம் கண்ணோய்க்கு மருந்தன்று. தாழ்ந்த வீதம் கண்ணைக் கெடுப்பதுமன்று. திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகின்றது, கண் காய்கின்றது. அமெரிக்கக் கண் வைத்தியர் கழகத்தார் கூறுவது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்திலுள்ள பொருளை 20 செக்கன் நோக்குக என்பது. முற்றத்து வேம்பு போதும்.

இனி, மாற்றும் வழி. விண்டோஸ் 11இல் செற்றிங்ஸ் என்பதைத் திறந்து, சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று ஒவ்வொன்றாக உட்செல்லுக. அங்கே திரையின் பெயரும் அது இப்பொழுது ஓடும் வீதமும் எழுதியிருக்கும். 59.94 என்று காட்டினாற் பயப்பட வேண்டாம். அது அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சி வைத்துப்போன கணக்கு, 60 என்றே கொள்க. கீழேயுள்ள பட்டியலைத் திறந்தால் அத்திரையும் கேபிளும் அட்டையும் சேர்ந்து இசைகின்ற வீதங்கள் அனைத்தும் தெரியும். எதிர்பார்த்த எண் அங்கே இல்லையெனின் முதலிலே துவாரத்தையும் கேபிளையும் பார்க்க. பின் அட்டையின் ட்ரைவர் என்னும் மென்பொருளைப் புதுப்பிக்க. திரையின் சொந்தப் பட்டியலிலும் ஏதேனும் அணைந்திருக்கின்றதா என்று நோக்குக. எண் இருந்தால் அதனைத் தெரிவு செய்க. திரை ஒரு கணம் கறுத்து மீளும். மீளாமற் கறுப்பாகவே நின்றாலும் பதற வேண்டாம், ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டாம். "இதனை வைத்துக்கொள்ளலாமா?" என்று கணினி கேட்டுக்கொண்டிருக்கின்றது, விடை கிடையாவிட்டால் ஏறக்குறைய 15 செக்கனில் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஆகையாற் கணினியைத் தொட்டறியாத தகப்பனாரும் இதனை மகனுக்குப் பக்கத்திலிருந்து தாமே செய்து பார்க்கலாம்.